முள் காட்டிய உண்மை

இரண்டாமாண்டு இளம் அறிவியல், விலங்கியல்

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் என் தந்தையாரின் குதிகாலில் சீமைக்கருவேல முள் ஒன்று ஆழமாக ஏறிவிட்டது. விறகு வெட்டிப் பிழைப்போருக்கு இது புதிதன்று. எருக்கம்பால் வைத்துப் பார்த்தார். முள் வெளிவரவில்லை. இரண்டு நாளில் கால் சிவந்து வீங்கிச் சூடு கண்டது. மூன்றாம் நாள் சீழ் கோத்துக்கொண்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கீறி முள்ளை எடுத்துக் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். திண்ணையில் காலை நீட்டி அமர்ந்தவர், கல்லூரியில் படிக்கும் பிள்ளையாயிற்றே என்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். குத்தியது முள், சீழ் எங்கிருந்து வந்தது என்பதே அக்கேள்வி.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை முதலில் மிதித்தவர்களில் நான் ஒரே ஆள். விலங்கியலில் முதலாண்டுத் தேர்வும் எழுதி முடித்திருந்தேன். ஆயினும் விடை தெரியவில்லை. கெட்ட இரத்தம் வெளியேறுகிறது என்று பாட்டி வழக்கமாகச் சொல்வதையே நானும் சொல்லி வைத்தேன். அப்பா தலையை ஆட்டினார். எனக்குத்தான் உள்ளூர வெட்கமாக இருந்தது.

இவ்வாண்டு செய்முறை வகுப்பில் விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடி வில்லையில் தடவி, லீஷ்மன் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தோம். சிவப்பணுக்களின் பெருங்கூட்டத்துக்கு நடுவே, ஊதா நிறத்தில் பல மடல்களாகப் பிரிந்த உட்கருவுடன் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில அணுக்கள் தெரிந்தன. அவையே நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளணுக்கள் என்றார் பேராசிரியர். முள் குத்திய இடத்துக்கு ஊர்ந்து சென்று கிருமிகளை விழுங்குபவை இவை என்றும், விழுங்கி மடிந்த இவற்றின் உடல்கள் சேர்ந்ததுதான் சீழ் என்றும் அவர் சொன்னபோது, அப்பாவின் குதிகால்தான் என் கண்முன் நின்றது. இதை முதன்முதலில் கண்டறிந்தவர் யார் என்று கேட்டேன். மெச்னிக்காவ் என்று பெயரைச் சொல்லி, நூலகத்தில் தேடிப் படிக்கச் சொன்னார்.

பால் டி க்ரைஃப் என்பவர் 1926-இல் எழுதிய நுண்ணுயிர் வேட்டைக்காரர்களைப் பற்றிய ஆங்கில நூல் கிடைத்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். பிறகு வேறு சில நூல்களையும் புரட்டினேன். அவற்றில் நான் அறிந்த அம்மனிதரின் வாழ்க்கையை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இளமை

இலியா மெச்னிக்காவ் 1845-ஆம் ஆண்டு மே மாதம் அன்றைய ரஷ்யப் பேரரசில், இன்றைய உக்ரைனிலுள்ள கார்கிவ் நகருக்கு அருகில் பிறந்தார். தந்தை படை அதிகாரி. தாயார் யூத மரபினர். ஐந்து பிள்ளைகளில் இவரே கடைசி. சிறு வயதிலேயே செடி கொடிகளையும் பூச்சிகளையும் சேகரித்து, அவற்றைப் பற்றித் தம் உடன்பிறந்தாருக்கும் அண்டை வீட்டுச் சிறுவருக்கும் சொற்பொழிவு ஆற்றுவாராம். கேட்க ஆள் வேண்டுமே! தம் கைக்காசைக் கொடுத்து அவர்களை உட்கார வைத்தார் என்பர். ஆசிரியத் தொழிலை இப்படி நட்டத்தில் தொடங்கியவர் உலகில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

1862-இல் பள்ளிப் படிப்பைத் தங்கப் பதக்கத்துடன் முடித்து, ஜெர்மனியிலுள்ள வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் படிக்கப் புறப்பட்டார். போய்ச் சேர்ந்தால், வகுப்புகள் தொடங்க இன்னும் சில வாரங்கள் இருந்தன. அறிமுகமற்ற ஊரில் தனிமையைத் தாங்க மாட்டாமல் வந்த வழியே வீடு திரும்பிவிட்டார். பின்னாளில் உலகம் போற்றிய மேதையும் பதினேழு வயதில் இப்படித் திரும்பியவர்தான் என்பதைப் படித்தபோது, விடுதியில் சேர்ந்த முதல் வாரம் பெட்டியைக் கட்டி வைத்திருந்த எனக்குச் சற்றே தெம்பு வந்தது.

வீடு திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. கார்கிவ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து நான்காண்டுப் படிப்பை இரண்டே ஆண்டில் முடித்தார். ஜெர்மனிக்கு மீண்டும் சென்றார். 1865-இல் ஒரு தட்டைப்புழுவை ஆராய்கையில் வியப்பான ஒன்றைக் கண்டார். நம்மைப் போல் இரைப்பைக் குழிக்குள் உணவைக் கரைக்காமல், அப்புழுவின் செல்களே உணவுத் துணுக்குகளை உள்ளே இழுத்துச் செரித்துக்கொண்டன. சிறிய செய்திதான். ஆனால் பதினேழு ஆண்டுகள் கழித்து அது விதையாக முளைக்கப் போகிறது என்பதை அவர் அப்போது அறியவில்லை.

இத்தாலியின் நேப்பிள்ஸ் கடற்கரையில் கோவலெவ்ஸ்கி என்ற நண்பருடன் கடல்வாழ் உயிரினங்களின் கருவளர்ச்சியை ஆராய்ந்தார். 1867-இல் இருவருக்கும் பரிசு ஒன்று பகிர்ந்து கிடைத்தது. அதே ஆண்டு, இருபத்திரண்டு வயதில், ஒடெஸா பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார்.

துயரத்தின் பிடியில்

அறிவியலில் வெற்றிமேல் வெற்றி கண்டவரின் இல்வாழ்வு அவ்வாறு அமையவில்லை. 1869-இல் லுத்மிலா என்ற பெண்ணை மணந்தார். மணமகளுக்குக் காசநோய். தேவாலயத்துக்கு நடந்து செல்லவும் வலுவின்றி நாற்காலியில் வைத்துத் தூக்கிச் செல்லப்பட்டார். மருந்தில்லாத காலம் அது. காசநோய்க் கிருமியைக் காக் கண்டறிந்ததே 1882-இல்தான். வெப்பமான இடத்தில் இருந்தால் குணமாகும் என்ற நம்பிக்கையில் மனைவியை ஊர் ஊராக அழைத்துச் சென்றார். செலவுக்காக இரவு பகல் பாராது உழைத்தார். கண்பார்வை மங்கியது. 1873-இல் மதீரா தீவில் லுத்மிலா உயிர் நீத்தார்.

மனமுடைந்த மெச்னிக்காவ் தம் உயிரையும் போக்கிக்கொள்ள முயன்றார்; பிழைத்துக்கொண்டார். அதற்குப் பின்னும் ஜெனீவாவில் வாழ்வின்மேல் வெறுப்புடன் திரிந்துகொண்டிருந்த ஓரிரவு, ரோன் ஆற்றுப் பாலத்தின்மேல் ஒரு விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் பறப்பதைப் பார்த்தார். இவ்வளவு குறுகிய வாழ்நாள் கொண்ட உயிர்களிடம் டார்வினின் இயற்கைத் தேர்வு எப்படிச் செயல்படும் என்ற கேள்வி மனத்தில் எழுந்தது. கேள்வி எழுந்ததும் அதற்கு விடை தேடும் ஆசை எழுந்தது. ஆசை எழுந்ததும் வாழ வேண்டியதாயிற்று. ஒரு கேள்வி ஒரு மனிதனைப் பிடித்து இழுத்துக் கரையேற்ற முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேறென்ன வேண்டும்?

1875-இல் ஓல்கா என்பாரை மணந்தார். இவர் கணவருடன் நாற்பத்தோர் ஆண்டுகள் வாழ்ந்து, ஆய்வுகளில் துணைநின்று, அவர் மறைந்தபின் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். ஆனால் சோதனை விடவில்லை. 1880-இல் ஓல்காவைக் கடுமையான டைஃபாய்டு காய்ச்சல் பிடித்தது. அவர் பிழைத்தார். மெச்னிக்காவ் மீண்டும் தளர்ந்தார். மறுகாய்ச்சல் நோயாளி ஒருவரின் இரத்தத்தைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டு சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். 1881-இல் ஜார் மன்னர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து பல்கலைக்கழகத்தில் அடக்குமுறையும் பூசலும் மலிந்தன. 1882-இல் பேராசிரியர் பதவியைத் துறந்தார். ஓல்காவின் தம்பி தங்கைகளையும் அழைத்துக்கொண்டு சிசிலித் தீவின் மெசினா நகரில் கடலோரத்தில் ஒரு வீட்டில் குடியேறினார்.

மெசினாவில் ஒரு நாள்

நண்பர்களே, இனி வருவதுதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி.

1882-ஆம் ஆண்டு இறுதி. ஊருக்குச் சர்க்கஸ் வந்திருந்தது. வித்தை காட்டும் குரங்குகளைப் பார்க்க வீட்டார் அனைவரும் போய்விட்டனர். மெச்னிக்காவ் மட்டும் நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருந்தார். வில்லையில் இருந்தது நட்சத்திரமீனின் இளவுயிரி. தண்ணீரைப் போலவே ஒளி ஊடுருவும் உடல் அதற்கு. உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். அதன் உடலுக்குள் சில செல்கள் அமீபாவைப் போல் இடம்விட்டு இடம் ஊர்ந்துகொண்டிருந்தன. அவற்றை முன்பும் பலமுறை பார்த்ததுண்டு. அன்று மட்டும் புதியதோர் எண்ணம் மின்னலிட்டது. தட்டைப்புழுவின் செல்கள் உணவை விழுங்கியதுபோல், இந்த நாடோடிச் செல்கள் உடலுக்குள் புகும் பகையை விழுங்குமோ? உடலைக் காக்கும் படை இதுதானோ?

எண்ணத்தோடு அவர் நிற்கவில்லை. எண்ணம் மெய்யானால், ஓர் அன்னியப் பொருளை உள்ளே செலுத்தினால் அச்செல்கள் அதைச் சூழ வேண்டும். மனிதனுக்கு முள் குத்தினால் சீழ் சூழ்கிறதே, அதுபோல. தோட்டத்துக்கு ஓடினார். குழந்தைகளுக்காகச் சிறிய ஆரஞ்சுச் செடி ஒன்றைக் கிறிஸ்துமஸ் மரமாக அலங்கரித்திருந்த தோட்டம் அது. ரோஜா முட்கள் சிலவற்றை எடுத்துவந்து இளவுயிரிகளின் தோலுக்கடியில் செருகினார். அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. விடிந்தும் விடியாமலும் எழுந்து பார்த்தார். ஒவ்வொரு முள்ளையும் சுற்றி நாடோடிச் செல்கள் மொய்த்துக் கிடந்தன!

இதிலுள்ள நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நட்சத்திரமீனின் இளவுயிரிக்கு இரத்தக்குழாய் இல்லை. நரம்பு மண்டலமும் நம்முடையது போன்றதன்று. ஆகவே அங்கே நடந்தது இரத்தம் தேங்கியதால் வந்த கோளாறு அன்று. செல்கள் தாமே சென்று ஆற்றிய பணி. அந்நாளைய மருத்துவர்கள் வீக்கத்தையும் சீழையும் வெறும் தீங்காகவே கருதினர். கிருமிகள் வெள்ளணுக்களுக்குள் காணப்பட்டபோது, வெள்ளணுக்கள்தாம் கிருமிகளை உடலெங்கும் சுமந்து பரப்புகின்றன என்று எண்ணினர். மெச்னிக்காவ் அதைத் தலைகீழாகத் திருப்பினார். சுமப்பதன்று, விழுங்குவது, தீங்கன்று, காவல் என்றார். மருத்துவ மேதைகளே அன்று கெட்ட இரத்தம் என்ற கணக்கில்தான் இருந்தார்கள் என்றால், எங்கள் பாட்டியை நான் எப்படிக் குறை சொல்வது?

அப்போது மெசினாவுக்கு வந்திருந்த ஜெர்மன் மருத்துவ மேதை விர்கோ இதைக் கண்டு ஊக்கமளித்தார். எனினும் மருத்துவ உலகம் இதற்கு நேர்மாறாக நம்புகிறது என்று எச்சரித்தார். வியன்னாவில் பேராசிரியர் கிளாஸ் கிரேக்கச் சொற்களைக் கொண்டு ஃபாகோசைட் என்ற பெயரைத் தந்தார். தமிழில் நாம் விழுங்கு செல் என்கிறோம்.

தெள்ளுப்பூச்சி தந்த சான்று

முள் உயிரற்றது. உயிருள்ள கிருமியோடு செல்கள் போரிடுமா? விடை 1884-இல் கிடைத்தது. குளத்துநீரில் வாழும் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளும் ஒளி ஊடுருவும் உடல் கொண்டதே. ஒருவகைப் பூஞ்சையின் ஊசிபோன்ற வித்துகளை அது உணவோடு விழுங்கிவிடும். அவை குடலைத் துளைத்து உடற்குழிக்குள் புகும். உடனே விழுங்கு செல்கள் ஓடிவந்து வித்தைச் சூழ்ந்து, உள்ளிழுத்து, உருத்தெரியாமல் கரைத்துவிடும். செல்கள் வென்றால் நீர்த்தெள்ளு பிழைக்கும். வித்துகள் மிகுந்து முளைத்துப் பெருகிவிட்டாலோ அது மடியும். நோய் என்பது இரு தரப்புக்கு இடையிலான போர் என்பதை ஒரு கடுகளவு உயிரின் உடலுக்குள்ளேயே மெச்னிக்காவ் கண்கூடாகக் கண்டார்.

பாரிசில்

1886-இல் ஒடெஸாவில் தொடங்கப்பட்ட நுண்ணுயிரியல் நிலையத்துக்கு இயக்குநரானார். ஆனால் அவர் மருத்துவர் அல்லர் என்று மருத்துவர்கள் எதிர்த்தனர். அவர் ஊரில் இல்லாத சமயம் அடைப்பான் நோய்க்குப் போடப்பட்ட தடுப்பூசியால் ஆயிரக்கணக்கான ஆடுகள் மடிந்தன. மனம் நொந்து 1888-இல் அங்கிருந்து வெளியேறினார். பெர்லினில் காக் இவரை ஆர்வமின்றி வரவேற்றார். பாரிசில் முதியவர் பாஸ்டரோ கனிவுடன் கேட்டு, புதிதாகத் திறக்கவிருந்த தம் நிறுவனத்தில் ஆய்வுக்கூடமே ஒதுக்கித் தந்தார். எஞ்சிய இருபத்தெட்டு ஆண்டுகளும் மெச்னிக்காவ் அங்கேயே பணிபுரிந்தார்.

அவருடைய ஒடெஸா மாணவர்களில் ஒருவரான ஹாஃப்கினும் பாரிசுக்கு வந்து அந்நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். 1893-இல் இந்தியாவுக்கு வந்து காலராத் தடுப்பூசியையும், 1897-இல் பம்பாயில் பிளேக் தடுப்பூசியையும் வழங்கிய ஹாஃப்கின் இவரே. பிளேக் ஊசியை முதலில் தம் உடலில்தான் போட்டுப் பார்த்தார். மும்பையில் அவர் பெயரால் நிறுவனம் இன்றும் உள்ளது.

செல்லா? நீரா?

1890-இல் ஜெர்மனியில் பேரிங்கும் ஜப்பானியரான கிட்டசாட்டோவும் ஓர் அரிய உண்மையை வெளியிட்டனர். டெட்டனஸ் நஞ்சுக்குப் பழக்கப்பட்ட விலங்கின் இரத்தத்திலிருந்து செல்களை நீக்கிச் சீரத்தை மட்டும் எடுத்து வேறொரு விலங்குக்குச் செலுத்தினால் அதுவும் காக்கப்படுகிறது. அப்படியானால் காப்பது செல் அன்று, இரத்தநீரில் கரைந்துள்ள பொருளே என்ற கட்சி வலுத்தது. 1894-இல் ஃபைஃபர், தடுப்பாற்றல் பெற்ற சீமைப்பெருச்சாளியின் வயிற்றறையில் காலராக் கிருமிகள் எந்தச் செல்லின் துணையுமின்றிக் கரைவதைக் காட்டினார்.

பிரெஞ்சுக் கட்சி செல் என்றது. ஜெர்மன் கட்சி நீர் என்றது. 1870-ஆம் ஆண்டுப் போரின் புண் ஆறாத காலமாதலால் ஆய்வுக்கூடப் பூசலில் நாட்டுப் பகையும் கலந்தது. மெச்னிக்காவ் மாநாட்டுக்கு மாநாடு சென்று, தலைமுடி கலைய, முகம் சிவக்க வாதாடினார். ஒவ்வோர் எதிர்ப்புக்கும் ஒரு புதிய சோதனையால் விடையளித்தார்.

இதில் சுவையான செய்தி ஒன்றுண்டு. இரத்தநீரின் ஆற்றலை மேலும் தெளிவாக்கியவர் மெச்னிக்காவின் சொந்த ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த இளைஞர் போர்டே. சூட்டைத் தாங்கும் எதிர்ப்பொருளும், சூட்டில் அழியும் வேறொரு துணைப்பொருளும் சேர்ந்தே கிருமியைக் கரைக்கின்றன என்று 1895-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் காட்டினார். ஆசிரியரின் கட்சிக்கு அனுகூலமற்ற முடிவு! எனினும் அது ஆசிரியரின் கூடத்திலிருந்தே வெளிவந்தது. போர்டே 1919-க்கான நோபல் பரிசு பெற்றார். மாணவன் தன்னை மறுக்கும்படி வளர விடுவதும் ஆசிரியப் பண்புதானே!

இறுதியில் வென்றது யார்? இரு கட்சியும் வென்றன. 1903-இல் லண்டனில் ரைட், டக்ளஸ் இருவரும், இரத்தநீரிலுள்ள பொருள்கள் கிருமியின்மேல் படிந்த பின்னரே வெள்ளணுக்கள் அதை எளிதில் விழுங்குகின்றன என்று காட்டினர். சோற்றுக்குக் குழம்பு ஊற்றியது போல என்று என் தோழி ஒருத்தி சொன்னாள். 1908-இல் மருத்துவ நோபல் பரிசு, செல் கட்சியின் மெச்னிக்காவுக்கும் நீர்க் கட்சியின் எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அதே டிசம்பரில், அந்த முள் சோதனை நடந்த மெசினா நகரம் நிலநடுக்கத்தில் தரைமட்டமானது.

தயிரும் முதுமையும்

பின்னாளில் அவர் கவனம் முதுமையின்மேல் சென்றது. பெருங்குடலில் வாழும் அழுகல் கிருமிகளின் நஞ்சே மூப்புக்குக் காரணம் என்றும், பால் புளிக்கச் செய்யும் நற்கிருமிகள் அவற்றை அடக்கும் என்றும் 1907-இல் வெளிவந்த நூலில் எழுதினார். தாமும் நாள்தோறும் புளித்த பால் அருந்தினார். ஐரோப்பாவில் தயிர் மருந்துபோல் விற்பனையாயிற்று. தயிர் உண்டால் நூறாண்டு வாழலாம் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால் குடல்வாழ் நுண்ணுயிர்களுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்புண்டு என்ற எண்ணம் இன்று பெரிய ஆய்வுத்துறையாகிவிட்டது. இளமையில் இருமுறை சாவைத் தேடிப்போனவர் முதுமையில் நீண்ட வாழ்வுக்கு வழி தேடியதே அவர் வாழ்க்கையின் பெரிய திருப்பம் என்பேன்.

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. அவருடைய இளம் ஆய்வாளர்கள் போர்முனைக்குச் சென்றனர், ஆய்வுக்கூடம் வெறிச்சோடியது. 1916 ஜூலை 15 அன்று இதயநோயால் காலமானார். அவர் சாம்பல் கலசம் பாஸ்டர் நிறுவனத்தின் நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

இன்றும் தொடரும் பணி

மெச்னிக்காவ் கண்ட காவலரைப் பற்றி இன்று நாம் இன்னும் அதிகம் அறிவோம். கிருமியை விழுங்கும் செல்களுள் சில அதன் துண்டுகளைத் தம் மேற்பரப்பில் ஏந்தி டி செல்களுக்குக் காட்டுகின்றன. அதன் பின்னரே எதிர்ப்பொருள் ஆக்கும் பெரும்படை முழு வீச்சில் திரளுகிறது. பகைவரை எவ்வாறு அடையாளம் காண்கின்றன என்ற கேள்விக்கு 1996-இல் ஹாஃப்மன் குழுவினர் பழப்பூச்சியில் ஒரு விடை கண்டனர். அதற்காக 2011-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நட்சத்திரமீன், நீர்த்தெள்ளு, பழப்பூச்சி! மனிதனைக் காக்கும் மறைபொருளைச் சிற்றுயிர்கள்தாம் மீண்டும் மீண்டும் சொல்லித் தருகின்றன.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குச் சென்றபோது, திண்ணையில் அமர்ந்து அப்பாவிடம் விடையைச் சொன்னேன். சீழ் என்பது கெட்ட இரத்தமன்று. உங்கள் காலைக் காக்கப் போய் மடிந்த அணுக்களின் உடல்கள் என்றேன். அவர் ஆறிப்போன தழும்பை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார். செத்ததற்கெல்லாம் பதில் ஆள் வந்துவிட்டதா என்று கேட்டார். எலும்பு மஜ்ஜையில் நாளொன்றுக்கு ஏறத்தாழப் பத்தாயிரம் கோடி புதிதாகப் பிறக்கின்றன என்றேன். வெகுநேரம் பேசாதிருந்துவிட்டு, நாள்கூலி இல்லாமல் இவ்வளவு பேரா என்று சிரித்தார்.

இம்முறை எனக்கு வெட்கமாக இல்லை. அவர் அடுத்து என்ன கேட்பார் என்று காத்திருந்தேன்.